வெயிட்டிங் லிஸ்டில் முதல் ஆள்

போன வாரம் சாந்தி போன் பண்ணினா. குன்னூர் டிராவல் ஆபீஸ்ல என் பக்கத்து நாற்காலியில பத்து வருஷம் உட்கார்ந்து டிக்கெட் எழுதினவ. இப்போ கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஏஜென்சிக்கு மேனேஜர்.

"அக்கா, விசயம் தெரியுமா? இனிமேல் விமானக் கம்பெனியில எத்தனை தடவை பறந்தாங்கங்கற கணக்கெல்லாம் இல்லையாம். எவ்வளவு செலவு பண்றாங்களோ அதுக்குத் தக்கனதான் சில்வர், கோல்டு, பிளாட்டினம் கார்டெல்லாம்."

"அட, அதை இப்பத்தான் வெளிய சொல்றாங்களாக்கும்"னேன்.

அவ சிரிச்சுட்டு விசயத்துக்கு வந்தா. அவ ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணுங்களுக்குக் குடுக்கணுமாம். கோல்டு கார்டுக்காரங்களை நான் எப்படிக் கவனிச்சேன்னு அனுபவத்துல இருந்து நாலு பாயிண்ட்டா எழுதித் தரணுமாம். எனக்கு பாயிண்ட்டா எழுத வராது. முப்பத்தோரு வருஷத்துல எத்தனையோ ஆயிரம் சீட்டு போட்டிருக்கேன். அதுல ஒரே ஒரு சீட்டு மட்டும் இன்னும் நெஞ்சுல முள்ளாக் கிடக்குது. அதை எழுதறேன், படிச்சுட்டு அவளே பாயிண்ட் போட்டுக்கட்டும்.

எங்கப்பா குன்னூர் மார்க்கெட்ல காய்கறிக் கடை வெச்சிருந்தாரு. எப்பவோ சமவெளியில இருந்து மலை ஏறின குடும்பம். ஆகாச விமானத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் டைப்பிங் முடிச்சிருந்தேன், இங்கிலீஷ் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். ஸ்டீபன் சாரோட டிராவல் ஆபீஸ்ல ஆள் வேணும்னாங்க, போய் உட்கார்ந்தேன். விமானத்தைக் கிட்ட நின்னு பார்த்தது வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வருஷம். அதுவரைக்கும் கேக்கறவங்ககிட்ட எல்லாம் ஜன்னல் சீட்டோட அருமையைப் பத்திப் பேசிட்டிருந்தேன்!

அந்தக் காலத்து டிக்கெட் கையால எழுதறது. சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும், தாளுக்குப் பின்னால செவப்புக் கார்பன் பூசியிருக்கும். நாலாவது தாள் வரைக்கும் விழற மாதிரி அழுத்தி எழுதணும். ஒரு எழுத்து தப்பினா மொத்த டிக்கெட்டும் போச்சு. சீட்டு இருக்கான்னு கேக்க கோயமுத்தூர் விமான ஆபீஸுக்கு டிரங்க் லைன்ல பேசணும். பேரை ஒவ்வொரு எழுத்தா, பம்பாய்க்கு பி, மெட்ராஸுக்கு எம்னு கத்தணும். மழை நாள்ல லைன் கிடைக்கறதுக்குள்ள தொண்டை கட்டிப் போகும்.

ஸ்டீபன் சார் நல்ல மனுசன். வெள்ளைச் சட்டை, முழுக்கை, ஊட்டிக் குளிர்லயும் ஸ்வெட்டர் போடமாட்டாரு. அவருகிட்ட ரெண்டு பழக்கம். ஒண்ணு, யாருக்கும் "இல்லை"ன்னு சொல்லக்கூடாது. "சீட்டு இல்லைன்னு சொல்லாதே சரோஜா. இன்னும் இல்லைன்னு சொல்லு. அந்த 'இன்னும்'லதான் நம்ம பொழப்பு ஓடுது"ம்பாரு. இன்னொண்ணு, கோல்டு கார்டுக்காரங்க போன்ல வந்தா எழுந்து நின்னுதான் பேசுவாரு. அவங்க இவரைப் பார்க்கவா போறாங்க? ஆனா நிப்பாரு. சில்வர்னா உட்கார்ந்தே, கொஞ்சம் முன்னால சாஞ்சு. சாதா ஆளுங்கன்னா டீயைக் குடிச்சுக்கிட்டே பேசுவாரு. பக்கத்து அறையில இருந்து நாற்காலிச் சத்தத்தை வெச்சே லைன்ல யாருன்னு நான் சொல்லிருவேன்.

இந்தக் கார்டு விசயம் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். ஒரே கம்பெனி விமானத்துல அடிக்கடி போறவங்களுக்கு ஒரு கார்டு குடுப்பாங்க. சும்மா சேர்ந்தா நீலக் கார்டு, அதுக்கு ஒரு புண்ணியமும் இல்லை. வருஷத்துல இத்தனை தடவை பறந்தா சில்வர், தனி வரிசை. இன்னும் பறந்தா கோல்டு. ஏர்போர்ட்ல தனி ரூம், சோபா, காபி, கூடுதல் லக்கேஜ். எல்லாத்தையும் விடப் பெரிசு, விமானம் நிறைஞ்சிருந்தாலும் வெயிட்டிங் லிஸ்ட்ல அவங்க பேரு தானா மேலே ஏறிக்கும். யாரு முதல்ல வந்தாங்கங்கறது அங்கே செல்லாது. அடுத்த வருஷம் அத்தனை தடவை பறக்கலையா, கார்டு ஒரு படி கீழே இறங்கிரும்.

மலையில பொறந்து வளர்ந்த எங்களுக்கு இதுல என்ன புதுசு? மேட்டுல பங்களா, அதுக்குக் கீழே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், பள்ளத்துல கூலிக்காரங்களோட லயன் வீடு. எஸ்டேட்டைப் பார்த்துத்தான் விமானக்காரன் படிச்சிருப்பான்னு நினைச்சுக்குவேன். ஒரே வித்தியாசம், எஸ்டேட்ல படி இறங்கறவங்களை நாங்க பார்த்ததில்லை. தேயிலை விலை விழுந்தப்போ அதையும் பார்த்தோம்.

அந்த வருஷங்களை இங்கே யாரும் மறக்கமாட்டாங்க. பச்சை இலைக்குக் கிடைக்கற காசு பறிக்கற கூலிக்கே காணலை. சின்னச் சின்னத் தோட்டக்காரங்க இலையைச் செடியிலயே விட்டுட்டாங்க. கேத்திப் பக்கம் பாதிப் பேரு செடியைப் பிடுங்கிட்டு கேரட்டுக்கே திரும்பிட்டாங்க. ஃபேக்டரி புகைபோக்கி ஒவ்வொண்ணா அடங்குச்சு. அதுக்கு முன்னால திங்கக்கிழமையானா எங்க ஆபீஸ் வாசல்ல கொச்சி, கல்கத்தா போற தேயிலை புரோக்கருங்க வரிசையா நிப்பாங்க. அப்புறம் ஈ ஓட்டினோம். கம்பெனிக்காரங்க முதல்ல கைவெச்சதே பயணச் செலவுலதான்.

எந்தெந்த ஆளு எத்தனை தடவை பறந்தாரு, கார்டு நிக்க இன்னும் எத்தனை வேணும்னு நான் ஒரு டைரி வெச்சிருந்தேன். யாரும் கேட்டு இல்லை, என்ற புத்தியில தோணினது. வருஷம் முடியறப்போ, "சார், இன்னும் ரெண்டு பயணம் போனா உங்க கார்டு தப்பிச்சுக்கும்"னு ஞாபகப்படுத்துவேன். ஸ்டீபன் சார் எல்லார்கிட்டயும் அந்த டைரியைக் காட்டிப் பெருமையடிப்பாரு. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் கிடந்துச்சு, ஒத்துக்கறேன்.

எங்க ஆபீஸுக்கு மிச்சமிருந்த ஒரே பெரிய கணக்கு ஒரு எஸ்டேட் கம்பெனி. அதோட ஜெனரல் மேனேஜர் சந்திரசேகர் சார். எஸ்டேட்ல எல்லாருக்கும் அவர் பெரிய துரை. கெட்ட மனுசன் இல்லைங்க, அதை முதல்லயே சொல்லிடறேன். அவரோட கோல்டு கார்டு அந்த மார்ச் மாசக் கடைசியில போகப்போகுது, கம்பெனி அவரை எங்கேயும் அனுப்பறதில்லை. ஒரு செவ்வாக்கிழமை எனக்கே நேரா போன் பண்ணினாரு.

"சரோஜா, டிரைவரை நிறுத்திட்டாங்க. சமையல்காரரை நிறுத்திட்டாங்க. கிளப்புக்கு நானே போறதில்லை. போற இடமெல்லாம் இப்போ நீங்க யாருங்கறாங்க. ஏர்போர்ட் ஒண்ணுலதான் இன்னும் யாரும் கேக்கறதில்லை. இந்தக் கார்டாவது நிக்கட்டுமே. ஏதாவது வழி பண்ணு."

எனக்குப் பாவமாப் போச்சு. டைரியைப் பார்த்தேன். ரெண்டு உள்நாட்டுப் பயணம் குறையுது. அதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, வெளிநாட்டுக்கு ஒரு தடவை போனா ரெண்டாக் கணக்கு. பக்கத்துல இருக்கற வெளிநாடு கொழும்புதானே? மெட்ராஸ்ல ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டறதுக்குள்ள இறங்கச் சொல்லிருவாங்க. "வியாழக்கிழமை போங்க சார், ராத்திரி தங்குங்க, வெள்ளிக்கிழமை வந்துருங்க. உங்க சொந்தச் செலவு, ஆனா கார்டு இன்னொரு வருஷம் நிக்கும்"னு யோசனை சொன்னது நான்தான். விமானம் நிறைஞ்சிருந்துச்சு. இருந்தா என்ன, அவரு கோல்டாச்சே. லிஸ்ட்ல போட்டேன்.

இப்போ முத்தையாவைப் பத்திச் சொல்லணும்.

அதுக்கு முந்தின நாள், திங்கக்கிழமை, ஆபீஸுக்கு ஒருத்தர் வந்தாரு. அம்பது வயசு தாண்டியிருக்கும். அதே எஸ்டேட் ஃபேக்டரியில இலை வாட்டற மாடியில வேலை. சிலோன்ல பொறந்து, ரெண்டு நாட்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்துல குடும்பத்தோட கப்பல்ல இங்கே வந்தவங்க. அவரோட அக்கா பார்வதி மட்டும் அங்கேயே கல்யாணம் ஆகி நின்னுருச்சு. தாய் இல்லாத அவரை இடுப்புல வெச்சு வளர்த்தது அந்த அக்கா. கப்பல் ஏறினதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. அக்கா மகள் போன் பண்ணியிருக்கா, அம்மா ஆஸ்பத்திரியில இருக்கு, உங்க பேரைத்தான் சொல்லிட்டே இருக்குன்னு. அக்கா மகன் கல்யாணத்துக்குப் போகலாம்னு எப்பவோ எடுத்த பாஸ்போர்ட் இருந்துச்சு. மனுசன் பெட்டியைத் தொறந்து இருந்ததை எல்லாம் எடுத்துக்கிட்டு வந்துட்டாரு.

"தங்கச்சி, எப்ப சுருக்கா போவ ஏலும்?"

வியாழக்கிழமை விமானம் நிறைஞ்சிருந்துச்சு. இன்னொரு கம்பெனி விமானத்துலயும் அந்த வாரம் இடமில்லை. உறுதியாக் கிடைக்கற சீட்டு ஞாயித்துக்கிழமைதான். அதை எழுதி வெச்சுட்டு, வியாழக்கிழமைக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டேன். "நீங்கதான் லிஸ்ட்ல முதல் ஆளு. யாராவது ரத்து பண்ணி ஒரு சீட்டு விழுந்தாப் போதும், உங்களுக்குத்தான்"னேன்.

அவரு முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. "மொத ஆளா? நானா? கப்பல்ல ஏத்துறப்போகூட எங்க நம்பர் கடேசி தங்கச்சி. சரி, பிளேன்ல சன்னலைத் தொறக்க ஏலுமா?"

"தொறந்தா நீங்க முதல் ஆளாக் கீழே இறங்கிருவீங்க"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்.

ஸ்டீபன் சாரும் சும்மா இல்லை. அக்கா சாகக் கிடக்கு, இரக்கம் பாருங்கன்னு விமான ஆபீஸுக்கு ஒரு தந்தி மாதிரி செய்தி அனுப்பினாரு. "கவனித்தோம்"னு ஒத்தை வார்த்தையில பதில் வந்துச்சு.

செவ்வாக்கிழமை துரையை அதே லிஸ்ட்ல போட்டப்போ எனக்கு முத்தையா ஞாபகம் வரலையா? வந்துச்சு. ஆனா அந்த விமானத்துல கடைசி நேரத்துல எப்பவும் அஞ்சாறு சீட்டு விழும். துரைக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு, ரெண்டு பேரும் போயிருவாங்கன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். என்ற டைரி மூளை!

புதன்கிழமை மத்தியானம் விழுந்தது ஒரே சீட்டு.

கோயமுத்தூர் ஆபீஸ் பொண்ணு போன்ல சந்தோசமாச் சொன்னா, "சரோஜாக்கா, உங்க கோல்டு கன்ஃபர்ம் ஆயிருச்சு."

"முத்தையான்னு ஒருத்தரு?"

"அவரு இப்பவும் லிஸ்ட்ல ஒண்ணாம் நம்பர்தான்."

ஒண்ணாம் நம்பர்! துரை பேரு மேலே ஏறி, சீட்டை எடுத்துக்கிட்டு லிஸ்ட்டை விட்டே போயிருச்சு. அதனால இவரு மறுபடி முதல் ஆளு. பொய்யில்லைங்க, அத்தனையும் நிஜம். அதைத்தான் என்னால தாங்க முடியலை.

முத்தையா அப்போ ஆபீஸ் பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரு. கையில ஒரு பை. அதுல அக்காவுக்கு ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் ஒரு கம்பளிச் சால்வையும் இருந்துச்சு. மேட்டுப்பாளையத்துல ரயிலைப் பிடிச்சாத்தான் காலையில மெட்ராஸ் சேரலாம்.

நான் உள் அறைக்குப் போய் ஸ்டீபன் சார்கிட்ட சொன்னேன். துரைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, கார்டுக்காகப் போறாரு, ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமான்னேன்.

"ஒரு பயணியோட விசயத்தை இன்னொரு பயணிக்குச் சொல்லக்கூடாதும்மா. அது தொழில் தர்மம்"னாரு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என்னன்னு கேப்பே? உங்க ஃபேக்டரி ஆளு போகணும், நீங்க எந்திரிங்கன்னா? நமக்கு இருக்கற ஒரே கணக்கு அது"ன்னாரு. ஆனா என்னைத் தடுக்கலை. போன் என் மேஜையிலதான் இருந்துச்சு.

போனை எடுத்தேன். துரை பங்களா நம்பர் எனக்கு மனப்பாடம். மூணு எண் சுத்தினேன். அதுக்கு மேலே விரல் போகலை. எஸ்டேட் ஆளைப் பத்தி துரைகிட்டப் பேசறதுங்கறது எங்க ரத்தத்துலயே கிடையாதுங்க. எங்கப்பா பங்களாவுக்குக் காய்கறி குடுக்கப் போனாக்கூட சமையல்கட்டு வாசலோட நின்னு திரும்பினவரு. போனை வெச்சுட்டேன்.

வெளியே வந்து முத்தையாகிட்ட சொன்னேன், "இன்னும் இல்லைங்க. ஆனா நீங்கதான் முதல் ஆளு."

"அப்ப நான் மெட்ராசுக்கே போயி கவுண்டர் முன்னால நின்னுக்கிறேன் தங்கச்சி. மொத ஆளு கண்ணு முன்னால நின்னா குடுக்காமயா போயிருவாங்க"ன்னு பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

வியாழக்கிழமை வேற சீட்டு விழலை. முத்தையா மெட்ராஸ்ல சொந்தக்காரங்க ஊட்ல தங்கி ஞாயித்துக்கிழமை போனாரு. பார்வதி அக்கா சனிக்கிழமை விடியக்காலை செத்துப் போச்சு. அடக்கத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தாரு.

மூணு வாரம் கழிச்சு சந்திரசேகர் சார் ஆபீஸுக்கு வந்தாரு. புதுக் கார்டு தபால்ல வந்துருச்சாம். ஸ்டீபன் சார் எழுந்து நின்னாரு. துரை அவரைப் பார்க்காம நேரா என் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு.

"எங்க ஃபேக்டரி முத்தையா லீவை நீட்டிச்சு எழுதியிருந்தான். அக்கா போயிருச்சாம். வியாழக்கிழமை விமானத்துக்கு நின்னு கிடைக்கலைன்னு எழுதியிருக்கான். நான் போன அதே விமானமா?"

"ஆமாங்க சார்."

"அவனுக்கு லீவு எழுதிக் குடுத்ததே நான்தான். ஊர்ல அக்காவுக்குச் சுகமில்லைன்னான், எந்த ஊருன்னு நான் கேக்கலை." கொஞ்ச நேரம் என் டைரியையே பார்த்துட்டு இருந்தாரு. "நீ ஒரு போன் பண்ணியிருக்கலாமே சரோஜா. எனக்கு அங்கே என்ன வேலை? ஓட்டல் ரூம்ல படுத்துத் தூங்கிட்டுத் திரும்பி வந்தேன்."

"உங்க கார்டு போயிருக்குமேங்க சார்."

"போயிருக்கும்"னாரு. அந்த ஒரு வார்த்தைதான். எழுந்து போயிட்டாரு.

அன்னிக்கு அவரு நிஜமாவே விட்டுக் குடுத்திருப்பாரான்னு எனக்குத் தெரியாது. காரியம் முடிஞ்சப்புறம் பெருந்தன்மை யாருக்கும் வரும். ஆனா கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான்தான் கேக்கலையே. விமானக் கம்பெனி லிஸ்ட்ல அவரை ஒரு படிதான் மேலே வெச்சிருந்துச்சு. நான் அவரைப் பேசவே முடியாத உசரத்துல வெச்சிருந்தேன். சாந்தி, உன் பொண்ணுங்களுக்கு ஏதாவது பாயிண்ட் வேணும்னா இதை எழுதிக்கோ.

துரை வந்துட்டுப் போன அந்த வார ஞாயித்துக்கிழமை, முத்தையா ஊர் திரும்பிட்டாருன்னு கேள்விப்பட்டு எஸ்டேட்டுக்கு பஸ் ஏறினேன். முத்தையாகிட்ட நேருக்கு நேரா சொல்லிரணும், என்ன திட்டினாலும் வாங்கிக்கணும்னு போனேன். ஃபேக்டரிக்குக் கீழே பஸ் நிக்கற இடத்துலயே ஆளு இருந்தாரு. மொட்டை அடிச்சிருந்தாரு. என்னைப் பார்த்ததும் எழுந்துக்கிட்டாரு.

"வாங்க தங்கச்சி! நானே வரணும்னு இருந்தேன்"னு சொல்லி, அக்கா ஊட்ல குடுத்தாங்கன்னு ஒரு தேயிலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாரு. தேயிலை மலையில இருக்கறவளுக்குத் தேயிலை! நான் கையை நீட்டலை.

"அண்ணே, வியாழக்கிழமை ஒரு சீட்டு விழுந்துச்சு. உங்களுக்கு வர வேண்டியது. அது பெரிய துரைக்குப் போச்சு. அவரை அந்த விமானத்துல போகச் சொன்னதே நான்தான்."

அவரு ஃபேக்டரிப் பக்கம் பார்த்தாரு. "தொரையை நான் ஏர்போர்ட்ல பாத்தேன் தங்கச்சி. சலாம் வெச்சேன். அவரு கவனிக்கல்ல." அப்புறம் என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமக் கேட்டாரு. "தொரை என்னா வேலையாப் போனாரு?"

எல்லாத்துக்கும் பதில் யோசிச்சு வெச்சிருந்தேன். இந்தக் கேள்வியை மட்டும் எதிர்பார்க்கலை. ஒரு அட்டையோட நிறம் மாறாம இருக்கறதுக்காகப் போனாருன்னு அந்த மொட்டைத் தலையைப் பார்த்து எப்படிங்க சொல்லுவேன்?

"கம்பெனி வேலைங்க"ன்னேன். "அங்கே ஏதோ பார்ட்டியைப் பார்க்க. தேயிலை விசயமா."

"அப்ப சரி." அவரு முகம் தெளிஞ்சுருச்சு. பொட்டலத்தை என் கையில வெச்சு, விரலை மடக்கி விட்டாரு. "நாலு பேரு வவுத்துப் பாடு. வேலைக்குப் போறவங்க மொதல்ல போவட்டும். அக்கா இருந்தா அதுவும் இதையேதான் சொல்லும். தொரை போயிருக்காருன்னா இந்த வருசம் வெலை ஏறும், பாருங்க."

பஸ் வந்துச்சு. அவரே கையைக் காட்டி நிறுத்தி, எனக்கு ஜன்னலோரமா இடம் பிடிச்சுக் குடுத்தாரு.

அந்த வருஷம் விலை ஏறலைங்க.